கிடங்கும் கிணறும்

டொரொண்டோவில் எங்கள் கிரேனின் நீண்ட கை பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலால் சுழல வேண்டுமென்றால், அந்த வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். காற்றுக்குமா அனுமதி என்று, கட்டடப் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய்விட்டுச் சிரித்தேன். வேலி ஓர் அங்குலம் நகர்ந்தால் வழக்கென்று கோடு கச்சேரி ஏறுகிற ஊர்க்காரி நான். ஆனால் எங்கள் சண்டையெல்லாம் நிலத்துக்கு மேலேதான். அடியில் என்ன நடக்கிறதென்று ஒருவரும் கேட்பதில்லை.

போன ஆனியில் ஊருக்குப் போனபோது, யாழ்ப்பாண நகரத்திலுள்ள எங்கள் ஒடுங்கிய காணியில் தம்பி எட்டு மாடி ஹோட்டல் எழுப்பத் தொடங்கியிருந்தான். கம்பி இறக்கி வைக்கவும் இடமில்லை. லொறிகள் தெருவிலேயே நின்றன. வாகனம் விடுவதற்கென்று நிலத்துக்குக் கீழே ஒரு தளத்துக்காக ஆழக் கிடங்கு தோண்டினார்கள். டொரொண்டோவில் தோண்டுமுன் சுற்றிவரத் தண்ணீர் புகாத கொங்கிறீற் சுவரை நிலத்துக்குள் இறக்கிவிடுவோம். இங்கே அடி முழுக்கப் பொத்தல் விழுந்த சுண்ணாம்புக்கல். சுவர் இறக்கினாலும் தண்ணீர் கீழால் வரும். ஆகவே பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஹமீதா ராத்தா. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டு, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். கூரையும் கதவும் போன வீட்டில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. என்னைக் கண்டதும் ஒரு செம்பை நீட்டினார்.

"பிள்ளை, இதை ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். உப்பு. நல்ல தண்ணீருக்கு அடியில் கடல்நீர் கிடக்கிற ஊர் இது. மேலிருப்பதை இறைக்க இறைக்கக் கீழிருப்பது ஏறி வரும்.

"தம்பியிட்டைச் சொன்னனான். மழை வந்தாச் சரிவரும் எண்டார். தண்ணி இல்லாட்டி இஞ்சை என்னெண்டு இருக்கிறது? திருப்பியும் எங்களைப் போகச் சொல்லாதேங்கோ."

அவர் அழவில்லை. செம்பை வைத்துவிட்டு நேரே தம்பியிடம் போய்ப் பம்பை நிற்பாட்டச் சொன்னேன்.

"உனக்கென்ன அக்கா! வந்தனீ, சொன்னனீ, பிளேன் ஏறிப் போயிடுவாய். நானெல்லோ இஞ்சை இருக்கப்போறன்!" என்று தம்பி கத்தினான்.

"அவவும் இஞ்சைதானேயடா இருக்கிறா."

அவன் சொன்னதிலும் பொய்யில்லை என்பது என்னைச் சுட்டது. சில நாள் கழித்து, ராத்தாவின் கிணற்றுத் தண்ணீரைத் தானும் குடித்துப் பார்த்துவிட்டு, அவனே போய்ப் பம்பை நிற்பாட்டினான். கிடங்கைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, ஹோட்டலின் தரைத்தளத்தையே வாகனங்களுக்கு விட்டான். மாரி மழைக்குப் பிறகு கிணறு மெல்லத் தேறுகிறதாம். தேத்தண்ணிக்கு இன்னும் ஆகாதென்று ராத்தா போனில் சொல்கிறார்.

இந்தக் கிழமை டொரொண்டோவில் எங்கள் அடுத்த கோபுரத்துக்குக் கிடங்கு தோண்டத் தொடங்கினோம். சுவருக்குள் மிஞ்சிய தண்ணீரை இறைக்கும் பம்பு இரைந்ததும், பக்கத்தில் யாருடைய கிணறாவது இருக்கிறதா என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

"கிணறா? ஏன், தண்ணீர்ப் போத்தலை வீட்டில் விட்டுவிட்டாயா?" என்று தன் போத்தலை நீட்டினார் அந்த நல்ல மனிதர்.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் அப்பால் போனதும், பம்புக் குழாயின் வாயில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சேற்று மணம், உப்பில்லை. இது கடலில்லாத ஊர் என்று தெரிந்திருந்தும்தான் பார்த்தேன்.