மச்சான் ஜெயித்த முந்திரி வழக்கு

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் வக்கீல். நான் கடலூரில் வக்கீல். கல்யாணம் காதுகுத்து என்றால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவனிடம் சட்டம் கேட்பார்கள், என்னிடம் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். வயிறு எரியாமல் வேறென்ன செய்யும்?

எனக்கும் ஒரு நேரம் வந்தது. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வரவழைத்திருந்தார். பாதிக்குப் பாதி சொத்தை. விற்ற கம்பெனியின் மேல் வழக்குப் போட என்னைத் தேடி வந்தார். பாகப்பிரிவினை வழக்கிலேயே தலை நரைத்தவனுக்கு வெளிநாட்டு எதிரி! இது ஒன்று ஜெயித்தால் போதும், சொந்தபந்தம் என் பக்கம் திரும்பும் என்று மனக்கோட்டை கட்டினேன். கம்பெனிக்காக வக்காலத்து போட்டு வந்து நின்றவன் யார் என்கிறீர்கள்? அவனேதான்.

எங்கள் பக்கத்து முந்திரி வியாபாரத்தில் தகராறு வந்தால் மூட்டையைப் பிரிப்பார்கள். கைக்கு வந்த கொட்டைகளை அள்ளி, இரண்டு தரப்பும் பார்க்க வெட்டிக் காட்டுவார்கள். பருப்பு கறுத்திருந்தால் விற்றவன் வாய் திறக்க மாட்டான். அந்தத் தைரியத்தில் நானும் ஒரு மூட்டையைக் கோர்ட்டுக்குள்ளேயே தூக்கிவரச் செய்தேன்.

அவன் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைப் படித்தான்: எந்தத் தகராறானாலும் லண்டனில் மத்தியஸ்தர் முன்தான் தீர்க்க வேண்டும். அப்படி எழுதிக் கையெழுத்திட்டதை மதிப்பதாக உலக நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. நம் சட்டமும் அதையே சொல்கிறது. அந்த ஏற்பாடே செல்லாது என்று காட்டினாலொழிய இந்தக் கோர்ட் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்றான். படபடப்பே இல்லாத குரல். அந்தக் குரல்மேல்கூட எனக்குப் பொறாமைதான்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "கொட்டை நல்லதா கெட்டதான்னு லண்டன்ல பாப்பாங்க. மூட்டைய வெளிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

வழக்கு லண்டனுக்குப் போனது. அதை நடத்த வியாபாரி சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டார். கோர்ட் வாசலில் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த கப்பலுக்கு அக்ரிமெண்ட் போடுறப்ப உங்க மச்சான்கிட்ட காட்டிட்டுப் போடலாம்னு இருக்கேன். அவரு நம்பர் குடுங்க."

கடைசி எண்ணை மாற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. சரியாகவே சொல்லித் தொலைத்தேன். அவர் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நான் எதிர்க்கட்சி வக்கீலுங்க, நான் பாக்கக் கூடாது," என்றான் அவன். "எங்க மாமாகிட்டயே காட்டுங்க. அவருக்குத் தெரியாததா?"

வியாபாரி போனை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"எவ்ளோ நல்ல மனுசன் சார் உங்க மச்சான்!"

அதற்கும் நான் தலையாட்ட வேண்டியிருந்தது.