குடம் சுமக்கிறவர்கள் நடக்கிற பக்கம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், வாய்க்கால் படித்துறையிலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் தெற்கு ஓரமாக ஒரு மண்பாதை உண்டு. அது நான் கேட்டு வாங்கின பாதை. எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம் அது. சாரல் விழ ஆரம்பித்தால் போதும், அருவியில் குளிக்கிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மோட்டார் பஸ் போவதும் வருவதுமாக இருக்கும். எங்களுக்குக் குடிதண்ணீர் அந்த வாய்க்காலில்தான். வெறுங்குடத்தோடு மேற்கே போய், மொண்டு, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் கிழக்கே வீடு திரும்புவோம். தெருவுக்குள் ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது.

அந்த ஆடியில் என் நாத்தனாரை பஸ் தட்டிவிட்டது. கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தாள். பராக்குப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் படித்துறையில் நின்று பார்த்தவள். அவள் ரோட்டின் இடது ஓரமாக ஒழுங்காகத்தான் போனாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, திரும்பினாள். தலையில் குடம் இருக்கிறவளுக்குக் கழுத்து மட்டும் திரும்பாது. ஆளே திரும்ப வேண்டும். திரும்புகிறபோது ஒரு எட்டு ரோட்டுக்குள் விழும். அந்த ஒரு எட்டில்தான் அவள் கால் போயிற்று.

பத்து நாள் கழித்து ரோட்டு வேலை பார்க்கிற ஓவர்சியர் ஒருத்தர் காகிதத்தோடு வந்தார். பிள்ளையார் கோயில் முன்னால் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். அவர் வாசித்தார். படித்துறையைச் சுவர் வைத்து அடைத்துவிடுவார்களாம். நடக்கிறவர்கள் எல்லாரும் இடது ஓரமாகவே நடக்க வேண்டுமாம். முனை வந்ததும் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடிக்க வேண்டுமாம்.

"பஸ்ஸ நிறுத்திப்போடும். சனியன் விட்டுது" என்றார் ஒரு பெரியவர்.

முனையில் பலகாரக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பஸ் நின்னா என் வடைய யாருவே திம்பா, நீரா?"

"உம்ம வடையத் திங்கதுக்குப் பதிலா பஸ்ஸுல அடிபடலாம்வே."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், படித்துறையை அடைப்பதுதான் சரி, பொம்பளைகள் கிணற்றில் எடுத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. வீட்டில் ஏழு பேர். நல்ல தண்ணீருக்கு அடுத்த துறைக்குப் போனால் போகவர ஒரு மைல். படுத்துக் கிடக்கிறவள் குடத்தையும் நான்தான் சுமக்க வேண்டும்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்தார்.

"சொல்லும்மா" என்றார் ஓவர்சியர்.

"நீங்க தண்ணிக்குடம் சொமந்திருக்கியளா?"

"இல்லையே."

"ஒரு தடவ சொமந்து பாருங்க. பொறவு காயிதத்துல எழுதுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். நான் அவர் தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி வைத்து, என் பித்தளைக் குடத்தை முக்கால்வாசி நிரப்பி ஏற்றிவிட்டேன். ரோட்டில் இடது ஓரமாகப் பத்து எட்டு நடந்தார். பலகாரக்கடை அண்ணாச்சி பூனை மாதிரி பின்னால் போய் வாயாலேயே "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தார்.

ஓவர்சியர் மொத்தமாகத் திரும்பினார். நடுரோட்டில் நின்றார். குடம் கீழே, தண்ணீர் கோட்டு மேலே.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயம். அவரே சிரித்த பிறகுதான் ஊர் சிரித்தது.

"இப்ப பஸ் வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கால் போயிருக்கும்" என்றார். "சரி, என்ன செய்யச் சொல்லுதே?"

"சொமையோட வரும்போது நாங்க சோத்தாங்கைப் பக்கமா வருதோம். பஸ் எங்களுக்கு எதுத்தாப்புல வரும். ஹாரனே வேண்டாம்."

"இடது பக்கம்னுதான்மா சட்டம்."

"அது வண்டிக்கு உள்ள சட்டம்லா. வண்டி தலையில குடம் சொமக்குதா?"

அவர் ஈரக்கையோடு பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ஏதோ அடித்தார், ஏதோ எழுதினார். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வருகிற வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார். "அது நம்ம குடமா?"

"ஆமா."

"நெளிஞ்சிட்டா?"

"நெளிஞ்சிட்டு."

பிறகு, "அவரு அந்தாக்கில திரும்பினாரு பாரு" என்று ஆரம்பித்தவர், வீடு வருகிறவரைக்கும் சிரித்து முடிக்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் வந்தது. தெற்கு ஓரத்தை மேடாக்கி மண் கொட்டினார்கள். ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவே சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டார்கள். படித்துறை இருந்தபடியே இருந்தது. கல் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று மேஸ்திரி என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். துறையில் கடைசிப் படி ஏறி, எந்த இடத்தில் கால் வைப்போமோ அந்த இடத்தில் நின்று காட்டினேன்.

மறுநாள் ஆறேழு பேர் வரிசையாக நிறைகுடத்தோடு வந்தோம். எதிரே குற்றாலம் போகிற பஸ். தூரத்திலேயே தெரிந்தது. யாரும் நிற்கவில்லை, திரும்பவில்லை. அத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னால் சத்தமாக மட்டும் கேட்ட டிரைவரை அன்றைக்குத்தான் முகத்தோடு பார்த்தேன். மீசை கூடச் சரியாக முளைக்காத ஆள். அவனும் எங்களைப் பார்த்தான். ஹாரன் பக்கம் போன கையை எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, மெதுவாகத் தாண்டிப் போனான்.

"ஏட்டி, பயப்படுதான் பாரு" என்றாள் எனக்குப் பின்னால் வந்தவள்.

ஒரு பொட்டுத் தண்ணீர் சிந்தாமல் வீடு போய்ச் சேர்ந்தோம்.