சாருக்குக் காய்ச்சல் என்று நான் சொன்ன நாள்

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடங்களுக்கு ஆயா வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஒரே வாத்தியார். கூட்டுகிறது, தண்ணீர் எடுத்து வைக்கிறது, மணி அடிக்கிறது எல்லாம் நான். சார் ராஜபாளையத்துக்காரர். முதல் உலகச் சண்டைக்குப் போய், பீரங்கிச் சத்தத்தில் இடது காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். பொறவுதான் டிரெயினிங் முடித்து வாத்தியாரானார். காலையில் வரிசை, அட்டென்ஷன், அதற்கு அப்புறம்தான் ஜெபம். யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்பார்.

மாசியில் பருத்தி வெடித்தால் பள்ளிக்கூடம் காலியாகிவிடும். தாய்மார் பிள்ளைகளையும் பருத்தி எடுக்கக் கூட்டிப்போவார்கள். வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட சாருக்குக் கை வராது. ரிஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பருத்திக்காட்டுக்கே போய்விட்டார்.

"பிள்ளைக ரெண்டு மணி நேரம் வரப்புல உக்காந்து படிக்கட்டும். அதுக எடுக்க வேண்டிய நிரையில நானும் எங்க வீட்ல உள்ளவங்களும் பருத்தி எடுக்கோம்" என்று தாய்மாரிடம் சொன்னார்.

"பட்டாளத்துக்காரர் பருத்தி எடுக்கப் போறாராம்ல!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"சிரிக்காத ஏட்டி, ஒம் மகன விட அவிய வேகமா எடுப்பாவ" என்றாள் இன்னொருத்தி.

சார், அவர் மனைவி, கல்யாணத்துக்கு நிற்கிற ரெண்டு மகள்கள், நாலு பேரும் மடி கட்டி எடுத்தார்கள். எடுத்துக்கொண்டே சார் வாய்ப்பாடு கேட்பார்.

அப்படி ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

"வாத்தியார் எங்கம்மா?"

காட்டில் என்று சொன்னால் சாருக்கு வேலை போகும், பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். ரெண்டு குமருகளை வைத்திருக்கிற மனுஷன். "சாருக்குக் காய்ச்சல். பிள்ளைகளுக்கு லீவு" என்று சொல்லிவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டார்.

செத்த நேரத்தில் "லெஃப்ட், ரைட்" சத்தம். தலையெல்லாம் பஞ்சோடு பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வரிசையாக வருகிறார்கள். முன்னால் சார்.

"என்ன வாத்தியாரே, காய்ச்சல் இம்புட்டு வேகமா நடக்குமா?"

சார் என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"காய்ச்சல் இல்லைய்யா. காட்டுல வகுப்பு எடுத்தேன். அந்தம்மா எனக்காகச் சொல்லிட்டா. எழுதுறதுன்னா எம் பேர்ல எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அன்றைக்குக் காட்டுக்கு வராத நாலு பேருக்கு ஆப்சென்ட் போட்டிருந்தது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "பதினேழு எட்டு?" என்றார்.

"நூத்தி முப்பத்தாறு!"

சாரின் விரல்களைப் பார்த்தார். எல்லாம் கீறல். "இது என்ன?"

"பருத்தி ஓடு கிழிச்சதுய்யா."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். காய்ச்சல் என்று எழுதியதை அடித்தார். 'கேட்காமல் இடம் மாற்றியது தவறு. பருத்தி முடியும்வரை காட்டில் நடத்தலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சார் என்னை வையவில்லை. "பட்டாளத்துல காவல் நிக்கிற சென்ட்ரி தப்பாச் சொன்னா அம்புட்டு பேரும் காலி தாயி. பயம் இருந்தா இருக்கட்டும். பயந்துக்கிட்டே உள்ளதச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து என்னை 'சென்ட்ரி' என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்த மாசியிலும் அதே இன்ஸ்பெக்டர் வந்தார். "வாத்தியாருக்கு இன்னைக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "இல்லைய்யா, பருத்திக்காட்டுல இருக்காவ. வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அவருக்கு முன்னால் நடந்தேன்.