பெட்டிக்குள் செத்துப்போன லைசென்ஸ்

தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவனுக்கு இரண்டு பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும்: ஒன்று காலுக்குக் கீழே, இன்னொன்று வாய்க்குள்ளே. மலேசியாவின் கேமரன் மலையில் இருபது வருஷம் இந்த இரண்டை நம்பித்தான் பிழைத்தேன். மூன்றாவதாக லைசென்ஸ் என்று ஒன்றும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை எழுபதுகளின் கடைசியில்தான் கற்றுக்கொண்டேன். கவுண்டர் முன்னால் கால் கடுக்க நின்று, முறை வந்ததும் ஒரு தாள் குறைகிறது என்று கேட்டுத் திரும்பிய அன்பர்களே, இது உங்களுக்காக.

பத்திரமான இடம்

எங்கள் லயத்து வீடுகளில் பனி ஈரத்தால் காகிதமெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், லைசென்ஸ் எல்லாவற்றையும் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்து, அவருடைய இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவது தோட்டத்து வழக்கம். வீடு கொடுத்தது ஆபீஸ், விறகு கொடுத்தது ஆபீஸ். லைசென்ஸைப் புதுப்பிப்பதையும் ஆபீஸே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். நம்புவதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லையே.

புதிதாக வந்த மானேஜர் துரை ஒருநாள் லோரி டிரைவரின் லைசென்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். கிராணி பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, மரியாதையாக நீட்டினார். அது காலாவதியாகி மூன்று வருஷம் நிறைய மூன்றே வாரம் இருந்தது. அதைத் தாண்டினால் புதுப்பிக்க முடியாது, புதுப் பையன்களோடு நின்று முதலிலிருந்து டெஸ்ட் கொடுக்க வேண்டும். துரை கெடு வைத்தார். மூன்று வாரத்தில் லைசென்ஸ் வந்தால் லோரி எனக்கு. வராவிட்டால் லோரி டிராக்டர் ஓட்டும் முனியாண்டிக்கு, எனக்கு ஆயுசுக்கும் செடிக்கு மருந்தடிக்கும் வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கிராணியிடம் கேட்டேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். “பத்திரமா வைக்கச் சொன்ன, வச்சேன். உயிரோட வைக்கச் சொன்னியா?”

முதுகில் டாங்கி

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோதே என் பெயர் மருந்தடிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டது. முதுகில் மருந்து டாங்கி, காலுக்குக் கீழே வழுக்கும் சரிவு. கீழே ரோட்டில் முனியாண்டி என் லோரியின் கியரை நறநறவென்று அரைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு நறநறப்பும் என் பல்லில் கேட்டது. இத்தனை நாளும் என் லோரியில் ஓசியில் டவுனுக்குப் போய்வந்த கங்காணி, எல்லாரும் கேட்கும்படி எனக்குப் புத்தி சொன்னார். “டிரைவரே, மொடக்குல திரும்பறப்ப ஹாரன் அடிங்க, கொழுந்து எடுக்குற பொம்பளைங்க நிக்கிறாங்க.”

காதர் பாயின் கருணை

தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காதர் பாய், தேநீர் ஆற்றிய நேரம் போக மற்றவர்களுக்கு மலாய் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார். இவ்வளவு தாமதம் ஏன் என்று பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. இரும்புப் பெட்டிக் கதையைச் சொன்னேன். அதை அப்படியே எழுதினால் என்னை முட்டாள் என்று நினைப்பார்களே என்று பாய் எனக்காக வருத்தப்பட்டார். வருத்தத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வருஷமாக நான் நோயாளி என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவிட்டார். நான் தயங்கியதும் பேனாவை என் கையில் திணித்தார். “சைன் போடுங்க லா. சீக்காளின்னா யாருக்கும் எரக்கம் வரும்.”

கடைசி சீட்டு

லைசென்ஸ் ஆபீஸ் மலைக்குக் கீழே. நான் லோரியைத் தொடக்கூடாது என்பதால் பஸ்ஸில் போனேன், அதுவும் கடைசி சீட்டில். இருபது வருஷமாக நானே திருப்பிய வளைவுகளை அன்று வேறொருவன் திருப்பினான். பாதி மலை இறங்குவதற்குள் காலையில் தின்றது முழுக்க வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சீனத்து அம்மா, காய்கறி வைத்திருந்த பையைக் காலி செய்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். கண்டக்டர் அக்கறையாக வந்து குனிந்து பார்த்தார். “அண்ணே, மலைப்பக்கம் இதான் மொதத் தடவையா?”

இரக்கம் வந்தது

வெளிறிய முகம், பாரத்தில் மூன்று வருஷ நோய். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாரத்தைப் பார்த்தாள். என் கல்யாணத்துக்கு ஜாதகம்கூட இவ்வளவு பொருந்தவில்லை. காதர் பாய் சொன்ன இரக்கம் வந்தது, லைசென்ஸ்தான் வரவில்லை.

எனக்கு நோயே இல்லை, பஸ்ஸில் வந்ததால் வாந்தி என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். பஸ் ஒத்துக்கொள்ளாத லோரி டிரைவரை அவள் பார்த்ததில்லை போலும். இந்த மூன்று வருஷமும் என் உடம்பு எப்படி இருந்தது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வரச் சொன்னாள். நாலு நாள்தான் பாக்கி என்றேன். வீட்டுக்குப் போய் முதலில் தூங்கச் சொன்னாள், சொந்த மாமனிடம் பேசுகிற மரியாதையோடு. “பாலிக் ருமா, பாக்சிக். தீடோர் டூலு.”

டிரசரின் நோட்டு

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர், காலோ கையோ ஒடிந்து தூக்கி வந்தாலொழிய யாரையும் சீக்காளி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். லீவு கொடுத்தால் துரை அவரைக் கேள்வி கேட்பார். நோட்டைப் புரட்டினார். மூன்று வருஷத்தில் பதினோரு தடவை போயிருக்கிறேன். பதினோரு இடத்திலும் ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதியிருந்தது.

அதில் ஒருநாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. காய்ச்சல் கொதித்தது. இரண்டு வெள்ளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பேக்டரித் தேயிலைத் தூள் அன்றே கீழே போயாக வேண்டும் என்றார்கள். தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு வளைவு இரண்டாகத் தெரிய, கிளீனர் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வர, மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் இறக்கினேன். அந்த நாளுக்கு நேராகவும் அதே ‘வேலைக்குத் தகுதி’தான். அன்று எனக்கு நிஜமாகவே காய்ச்சல்தானே என்று கேட்டேன். மூன்று வருஷமும் எனக்கு நோயில்லை என்று எழுதிய கடிதத்தில் அவர் முத்திரையை அழுத்திக் குத்தினார். “அன்னைக்கே காய்ச்சல்னு எழுதியிருந்தா, இன்னைக்கு நீ சீக்காளிப்பா.”

அந்தக் கடிதத்தைக் கவுண்டரில் கொடுத்ததில், கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது லைசென்ஸ் கைக்கு வந்தது, முனியாண்டி லோரிச் சாவியைக் கொடுத்துவிட்டு டிராக்டருக்குத் திரும்பினான். இருபது வருஷம் நான் ஒழுங்காக லோரி ஓட்டியதற்கு எந்த ஆபீஸிலும் ஒரு வரி எழுத்து கிடையாது, எனக்கு ஒருநாளும் உடம்புக்கு வரவில்லை என்ற பொய் மட்டும் பதினோரு தடவை எழுதப்பட்டிருந்ததால் நான் இன்றுவரை சட்டப்படி டிரைவர்.