சோலையம்மாளின் ஒன்பது விநாடி

சோலையம்மாளை நான் வேலைக்குச் சேர்த்தது அவருடைய கைக்காக. அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் பத்து வருஷம் பெட்டிக்கு லேபிள் ஒட்டிய கை அது. ஓரம் பிசகாது, சுருக்கம் விழாது, காற்றுக் குமிழி என்ற பேச்சே கிடையாது. எனக்கு அப்போது அப்படி ஒரு கை தேவைப்பட்டது.

நான் சாத்தூரில் வீடியோ கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் எடுப்பேன். 2003 வாக்கில் பழைய வீடியோ கேசட்டுகளை சிடியாக மாற்றித் தரும் வேலை சூடு பிடித்தது. சிடியை யார் வேண்டுமானாலும் போட்டுத் தருவார்கள். அதற்கு மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பதில்தான் என் கெத்து. சிவகாசியில் எங்கள் அப்பாவுக்கு ஆஃப்செட் அச்சகம். லேபிள் அச்சடித்தே சாப்பிட்ட குடும்பம். சும்மா விடுவேனா? மாப்பிள்ளை பெண் படம், குத்துவிளக்கு, ஓரத்தில் தங்க ஃபாயில், பளபளவென்று வார்னிஷ், வட்டமாக வெட்டிய ஸ்டிக்கர். சிடி ஓட்ட பிளேயர் இல்லாத வீட்டில்கூட அதை ஷோகேஸில் சாய்த்து வைத்தார்கள். மணிகண்டராஜ் கடை சிடி என்றால் தூரத்திலிருந்தே தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆனால் சோலையம்மாள் முதலில் வந்தது வேலை கேட்டு அல்ல. அவர் ஆலை ஃபோர்மேன் செல்லப்பாண்டி தன் கல்யாணக் கேசட்டை என்னிடம் மாற்றக் கொடுத்திருந்தது தெரிந்து வந்தார். 1994இல் நடந்த கல்யாணம். அதில் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் வருவார். கேமரா விளக்கு முகத்தில் அடித்ததும் கண் கூசிச் சிரிப்பார். இலைக்கு முன் இருப்பவரிடம், "இன்னொரு கரண்டி வாங்கிக்கிடுங்க" என்பார். பிறகு வாளி மட்டும் தெரியும். அதுவும் போய்விடும். மொத்தம் ஒன்பது விநாடி. அவர்தான் சோலையம்மாளின் வீட்டுக்காரர் பலவேசம். மறு வருஷமே ஆலையில் வெடிமருந்து அறை வெடித்ததில் போய்விட்டார். அப்போது மகள் இசைவாணிக்கு இரண்டு மாதம்.

"அவுக படம் வேற எங்கனயும் இல்ல அண்ணாச்சி" என்றார் சோலையம்மாள். "கம்பெனி அட்டைல ஒண்ணு இருக்கு. பேர் போட்டிருக்கதாலதான் அது அவுகன்னு தெரியும். எம்மக அப்பா குரலையே கேட்டதில்ல. இந்தத் துண்டு மட்டும் எனக்குப் போட்டுத் தாங்க."

வெட்டி ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தேன். பலவேசம் சிரிக்கிற முகத்தையே லேபிளாக அடித்தேன். ஒட்டப் போனபோது, "இங்கன குடுங்க" என்று வாங்கி அவரே ஒட்டினார். வைத்த கையை எடுக்காமல் ஒரே தடவல். அசந்துவிட்டேன். மருந்துத் தூசியில் மூச்சு வாங்குகிறது, வேறு வேலை தேடுகிறேன் என்று அவர் சொன்னதும், மறு வாரமே கடைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

செல்லப்பாண்டிக்கு ஒரு யோசனையும் இலவசமாகச் சொன்னேன். "சிடி வந்தாச்சுல்ல, இனி கேசட்டு எதுக்கு? இடத்த அடைச்சுக்கிட்டு." மனிதர் சொல் பேச்சுக் கேட்பவர். நாடாவை உருவிக் கொண்டுபோய் சோளக்காட்டில் குருவி விரட்டக் கட்டிவிட்டார். என் கம்ப்யூட்டரிலும் இடம் குறைவு என்பதால் எழுதி முடித்ததும் அழித்துவிடுவேன். ஆக, பலவேசம் இருந்தது இரண்டே இடத்தில். செல்லப்பாண்டி வீட்டு சிடியில் ஒன்று, மனைவியிடம் ஒன்று. இரண்டிலும் என் லேபிள்.

மூன்று வருஷம் ஓடியது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் பக்கத்தில் உட்கார வேண்டும், படத்தில் கோடு விழுந்தால் நிறுத்தித் துடைக்க வேண்டும். சோலையம்மாள் உட்கார்ந்தார். எழுதிய சிடிக்கெல்லாம் லேபிள் ஒட்டினார். நானூறு வீட்டுக்குப் போயிருக்கும்.

2006 பங்குனியில் சிடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. பெண் அழைப்பு வருகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது என்றார்கள். நான் விடுவேனா? உங்கள் பிளேயர் சரியில்லை என்றேன். தூசி என்றேன். ஒருவரிடம், பிளேயரை மலிவாக வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்றுகூடச் சொன்னேன். அவர் வாங்கியது என் தம்பி கடையில்.

ஒரு மத்தியானம் சோலையம்மாள் மேசையில் பதினோரு சிடிகளைப் பரப்பினார்.

"அண்ணாச்சி, கோவப்படாமக் கேக்கணும்."

"அப்படிச் சொன்னாலே எனக்குக் கோவம் வரும். சொல்லும்மா."

"திரும்பி வந்தது பதினொண்ணு. அம்புட்டும் லேபிள் ஒட்டுனது. சீசன் அவசரத்துல லேபிள் இல்லாமக் குடுத்தோமே, அதுல ஒண்ணுகூட வரல."

"லேபிள்லயா குத்தம் சொல்லுதே? லேபிள வச்சுத்தாம்மா இந்தச் சீமையே சோறு திங்குது!" என்று கத்தினேன். லேபிளால் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக ஒரு சிடியை எடுத்து நகத்தால் கிளப்பி உரித்தேன். காகிதம் சுலபமாக வந்தது. அதோடு வெள்ளிப் பூச்சும் வந்தது. கையில் கண்ணாடி போல வெறும் தட்டு. அதன் வழியே எதிரில் நின்ற சோலையம்மாளின் முகம் தெரிந்தது.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் சிடியின் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திக் காப்பாற்றினோம், கைபடாமல் ஓரத்தைப் பிடித்தோம். உயிர் இருந்தது மேல்பக்கம், மெல்லிய பூச்சுக்கு அடியில். அதன் தலையில்தான் பசையைத் தடவி, எங்கள் ஊர் வெயிலில் வைத்திருக்கிறோம்.

"பெட்டிலயும் இப்படித்தான். காஞ்ச லேபிள உரிச்சா அட்டைத் தோலும் சேந்து வரும்" என்றார் சோலையம்மாள். பிறகு பையிலிருந்து தன் சிடியை எடுத்து வைத்தார். பலவேசத்தின் கன்னத்துக்கு மேல் பாசிப்பயறு அளவுக்கு ஒரு குமிழி.

"நேத்து போட்டுப் பாத்தேன். சுத்துற சத்தந்தான் கேக்கு. அப்பா இன்னும் வரலையாம்மான்னு இசைவாணி கேட்டா."

செல்லப்பாண்டிக்குப் போன் போட்டேன். அவர் வீட்டு சிடி ஒரு மாதத்துக்கு முன்பே செத்துவிட்டதாம், சொல்ல மறந்துவிட்டாராம். இந்தச் சிடியை என் கம்ப்யூட்டரில் போட்டால் டிரைவ் உறுமி, நடுங்கி, வெளியே தள்ளியது. பதற்றத்தில் என் கை தானாக லேபிளுக்குப் போனது.

"கை வைக்காதீக!"

மூன்று வருஷத்தில் அந்த அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன்.

லேபிள் உப்பினால் சிடி ஒரு பக்கம் கனத்து ஆடும், வேகமாகச் சுற்றச் சுற்ற ஆட்டம் கூடும் என்று அப்போதுதான் எனக்கு மூளையில் உறைத்தது. பழைய சாமான் பெட்டியில் மெதுவாகச் சுற்றும் ஒரு பழைய டிரைவ் கிடந்தது. அதை எடுத்து மாட்டினேன். அதற்குள் சோலையம்மாள் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, குமிழியின் ஓரத்தில் காகிதத்துக்குள் மட்டும் சாய்வாக நுழைத்தார். ஒரு மயிரிழை ஆழம் கூடினால் வெள்ளி கீறிவிடும். ஊக்கை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தினார். காற்று போய்க் குமிழி படிந்தது. சிடியை அந்தப் பழைய டிரைவில் போட்டேன்.

முதல் தடவை நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை திரையில் சதவீத எண் மெதுவாக ஏறியது. எண்பத்தொன்றில் நின்றது, யோசித்தது, மறுபடி ஏறி நூறைத் தொட்டது. கடை ஸ்பீக்கரில், "இன்னொரு கரண்டி வாங்கிக்கிடுங்க" என்றார் பலவேசம். நான் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை. சோலையம்மாள் அழவில்லை.

"இத இனி எதுல வச்சாத் தாங்கும் அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார்.

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. மதுரை மொத்தக் கடையில் எது மலிவோ அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது விநாடியை அப்போதைக்கு மூன்று சிடியில் எழுதி, கம்ப்யூட்டரிலும் அழிக்காமல் வைத்துவிட்டு, கடைகடையாகப் போய் ஏழு வகைக் காலி சிடி வாங்கி வந்தேன். சோலையம்மாளுக்கு இங்கிலீஷ் வராது. ஒவ்வொன்றையும் டியூப்லைட்டில் சாய்த்து, நிறம் பார்த்துப் பிரித்தார். பச்சை, கருநீலம், வெளிறிய மஞ்சள். ஒரே பெயர் போட்ட இரண்டு டப்பாவில் இரண்டு நிறம் இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். மேலே என்ன பெயர் இருந்தால் என்ன, செய்கிற ஆலை வேறு வேறாக இருக்கும் என்றார். பட்டாசில் அதைப் பார்த்தவர் அல்லவா.

எல்லாவற்றிலும் ஒரே படத்தை மெதுவான வேகத்தில் எழுதினோம். ஒவ்வொரு வகையிலும் மூன்று. ஒன்று கத்திரி வெயிலில் கடையின் தகரக் கூரை மேல். ஒன்று அச்சங்குளத்தில் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். ஒன்று கடை பீரோவில். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். படம் ஓடுகிறதே என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். முழுவதும் கம்ப்யூட்டருக்குத் திரும்பி இறங்க வேண்டும், எங்கே தயங்குகிறது என்று காது வைத்துக் கேட்பார். பச்சை முதல் வாரமே கூரையில் உயிரை விட்டது. கருநீலம் சிலது தாங்கியது, சிலது கைவிட்டது. உள்ளே தங்கப் பூச்சுப் பூசிய வெளிறிய மஞ்சள் மட்டும் கத்திரி முடிந்தும் கல்லுப் போல நின்றது. நான் துள்ளிக் குதித்தேன்.

"இருவத்தஞ்சு நாள் தாங்குனது இருவத்தஞ்சு வருசம் தாங்கும்னு யாரு சொன்னா?" என்றார் அவர். எனவே தங்கத்தில் ஒன்று, தாங்கிய கருநீலத்தில் ஒன்று, இரண்டும் வேறு வேறு ஊரில். லேபிள் கிடையாது, நடு வளையத்தில் மட்டும் மெல்லிய பேனாவால் பெயர். நிமிர்த்தி நிற்கிற டப்பாவில், வெளிச்சம் படாமல். தீபாவளி முடிந்து ஆலை மூடியிருக்கும் வாரத்தில் வருஷா வருஷம் இறக்கிப் பார்ப்பது. எழுதப் படிக்கத் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர், கட்டிலடியும் தகரக் கூரையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கண்டுபிடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

அதோடு என்னை விடவில்லை. நானூறு வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றார். கடை மானம் கப்பலேறிவிடும் என்று நான் குதித்தேன். "நம்ம ஒட்டுனது. நம்மதான சொல்லணும்?" என்றார். சொன்னோம். திட்டு வாங்கினோம். திரும்பி வந்த சிடிகளில் பிழைத்தவற்றைப் பழைய டிரைவில் இறக்கினோம். கேசட் மிச்சம் இருந்த வீடுகளில் கேசட்டை வாங்கி மறுபடி ஓட்டினோம். அந்த வருஷம் முழுக்க அதே வேலை.

ஐப்பசியில் தங்கப் பூச்சு சிடியை எடுத்து, "பலவேசத்த எழுதிருவோமா?" என்றேன்.

"ஒம்பது விநாடிக்கு இதுல எம்புட்டு இடம் போகும்?"

"நூல் அகலம்கூடப் போகாது."

"மிச்சம் சும்மாதான கெடக்கும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டை என் முன் வைத்தார். திறந்தேன். கேசட் ஓடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தது. யார் வீட்டுக் கேசட், எத்தனையாவது நிமிடம், யார், எந்த ஊர், என்ன செய்கிறார் என்று பக்கம் பக்கமாக. தண்ணீர் ஊற்றுகிறார். இலை எடுக்கிறார். பந்தல் காலைப் பிடித்திருக்கிறார். நாற்பத்து மூன்று பேர். அவ்வளவு பேரும் இப்போது இல்லாதவர்கள். அவரவர் வீட்டில் படம் என்று ஒன்றுகூட இல்லாதவர்கள்.

"கூட வேல பாத்தவுக பாதிப் பேரு. தெரியாதவுகள ஊருக்குள்ள கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் அந்த நாற்பத்து மூன்று பேரின் வீட்டாரும் வந்ததில் சாத்தூர் கடையில் உட்கார இடமில்லை. தாயில்பட்டி ஆவுடைத்தாய் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு வருஷத்துக்கு முன் மகனை ஆலை வெடிவிபத்தில் பறிகொடுத்தவர். சோலையம்மாள் படத்தை ஓட்டினார். மணமேடைக்கு முன்னால் தோளில் மூங்கிலோடு ஒரு வாலிபன் குறுக்கே வந்தான். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அப்போது படத்துக்குள்ளிருந்தே ஒரு குரல் கேட்டது. "ஏலே, குறுக்க நிக்காதலே, ஒதுங்கு!"

ஆவுடைத்தாய் திரும்பினார். "யாரு சாமி அது, எம்மவன ஒதுங்கச் சொல்லுறது?"

அந்தக் கல்யாணத்தை எடுத்தவன் நான். பொய் சொல்லத் தோன்றியது. சோலையம்மாள் என்னைப் பார்த்தார்.

"நான்தான் ஆத்தா" என்றேன்.

ஆவுடைத்தாய் கையை நீட்டித் திரையில் இருந்த முகத்தைத் தொட்டார்.

"நல்லவேள, அவன் ஒதுங்கல" என்றார்.