சின்னம்மாவுடன் சாப்பிடப் போன சனிக்கிழமைகள்

தெருவோரத்துப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்த நாட்களில்தான் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து எந்தெந்த நாடுகளையோ சுற்றி வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எட்டு வயது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சனிக்கிழமையும் வேலை. அதுவரை பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் கழிந்த என் சனிக்கிழமைகள், அந்த வசந்தத்தில் சின்னம்மாவுக்குச் சொந்தமாகிவிட்டன.

"வெளிக்கிடு பிள்ளை, சாப்பிடப் போவம்" என்றார் முதல் வாரம்.

என்னால் என் காதையே நம்ப முடியவில்லை. வீட்டில் சோறு இருக்கக் கடையில் சாப்பிடுவது என்பது, எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, மாதா கோவிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றங்களுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் இருந்தது. சின்னம்மாவோ அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு கடையிலும் கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுப்பார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால், நாங்கள் நடந்ததாகவே ஞாபகம் இல்லை. ஆவியில் மிதந்து போனதுபோல் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். ஒன்றும் தெரியாது, வாசம் மட்டும் வரும். பிறகு மெல்ல மெல்லக் கடை தெளிந்து வரும். கிரேக்கர் கடையில் கரி அடுப்பின் மேல் இறைச்சிக் குச்சிகள் சொட்டுச் சொட்டாக நெய் விடும். பஞ்சாபிக்காரரின் கடையில் ஜிலேபி எண்ணெயில் சுருண்டு சுருண்டு பொன்னாகும். மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த வங்காளிக் கடையில் சமோசாவுக்குப் புளிச் சட்னி தருவார்கள். அது விரலில் பட்டால் கையைக் கழுவவே மனம் வராது. எந்தக் கடையிலும் சின்னம்மா என்னிடம், "உனக்கு விருப்பமானதைச் சொல்லு" என்பார். பிரெஞ்சில் கேட்டு வாங்குவது என் வேலை. அதில் எனக்குப் பெருமை அதிகம்.

அவர் மட்டும் சாப்பிட மாட்டார். ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, குசினிக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பார். பிறகு யாரிடமாவது ஒரே கேள்வியைக் கேட்பார். ஒரு தோசைக் கடையின் முதலாளி தமிழ்நாட்டுக்காரர். அவரிடம், "உங்கட குசினியில ஆர் சமைக்கினம்? யாழ்ப்பாணத்து ஆக்கள் நிக்கினமோ?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இல்லம்மா, எல்லாம் நம்ம மதுரைப் பசங்கதான். ஏன், சாம்பார் சரியில்லையா?" என்று அவர் பதறிப்போனார்.

நான் அதை இப்படி விளங்கிக்கொண்டேன்: சின்னம்மாவுக்கு வாய்க்கு ருசியான சாப்பாடு கிடைக்கவில்லை, நல்ல சமையல்காரர் ஒருவரைத் தேடுகிறார். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கறியைத் துழாவிக்கொண்டே இருந்தார். அப்பா மட்டும், "விடும், தேடிப் பாக்கட்டும்" என்றார். அவரும் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மரங்களில் இலை துளிர்த்த ஒரு சனிக்கிழமை, ஜோன் தலோன் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு சின்னத் தமிழ்க் கடைக்குப் போனோம். நாலைந்து மேசைகள்தான். சுவரில் வெட்டிய சதுர ஓட்டை வழியாகக் குசினியிலிருந்து கோப்பைகள் வரும். மூலை மேசையில் ஒரு சின்னப் பிள்ளை, என்னை விடச் சிறியவள், வண்ணப் பென்சில்களைப் பரப்பி வைத்துக் குதிரை கீறிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இடியப்பமும் சொதியும் பொரித்த மீனும் வந்தன.

சின்னம்மா முதல் பிடியை எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"பிள்ளை, பாலைக் குடிச்சு முடிச்சிட்டியோ?"

"உய், பப்பா" என்றாள் அந்தப் பிள்ளை பிரெஞ்சில், தலை நிமிராமல்.

சின்னம்மாவின் கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. சொதி மணிக்கட்டு வரை வழிந்தது. நான் துடைக்கக் கடதாசி நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசெண்டு கேள்" என்றார் மெதுவாக.

கேட்டேன். "நாலு முடிஞ்சுதாம்."

"அப்பா?"

"உள்ளை சமைக்கிறாராம்."

"அம்மா இருக்கிறாவோ?"

"கார்த்ரியில சின்னப் பிள்ளையளைப் பாக்கிறாவாம். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவாவாம். பேந்து மூண்டு பேருமாப் பார்க்குக்குப் போவினமாம்." ஒரு சொல்லும் தவறாமல் மொழிபெயர்த்த பெருமிதத்தில் சின்னம்மாவைப் பார்த்தேன்.

அவர் தலையசைத்தார். பிறகு சாப்பிடத் தொடங்கினார். அவசரமே இல்லாமல், மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்து, கடைசி இடியப்பத்தால் சொதியை வழித்து, கோப்பையில் ஒன்றும் மிஞ்சாமல் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "சாப்பாடு நல்லா இருந்ததெண்டு தேப்பனிட்டைச் சொல்லச் சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். அந்தப் பிள்ளை கதிரையிலிருந்து குதித்து, "பப்பா! பப்பா!" என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அவள் பின்னால் கதவு ஆடி நிற்பதற்குள் சின்னம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். தெரு முழுக்க வெயில். அவருடைய கை குளிர்ந்திருந்தது.

சின்னம்மாவுக்கு ஊரிலேயே கலியாணம் ஆகியிருந்தது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். பிறகு உன்னையும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டியவர் முதலில் இங்கே வந்தாராம். கொஞ்சக் காலத்தில் தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. மொன்றியலில் ஏதோவொரு கடையின் குசினியில் நிற்கிறார் என்று யாரோ சொன்னது மட்டும்தான் சின்னம்மாவிடம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடியில் தயாராக நின்றேன். சின்னம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இனி ஒரு இடமும் போகத் தேவையில்லையம்மா. வீட்டிலையே சமைச்சுச் சாப்பிடுவம்" என்றார்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. இவ்வளவு நாள் தேடி, கடைசியில் பிடித்த கடை ஒன்று கிடைத்த பிறகு, அங்கே திரும்பப் போகாமல் இருப்பதில் என்ன நியாயம்? நிலத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சின்னம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சமாதானம் சொல்வார் என்று பார்த்தால், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரும் அழுதார், என்னை விடப் பெரிதாக. அவருக்கும் அந்த இடியப்பம் அவ்வளவு பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டு, நான் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன்.