முதலாளியின் தூள்

கொட்டாஞ்சேனையில் மாக்ரெட்டின் குரலைக் கேட்டு அழாதவர் கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் மாதாவின் ஒப்பாரியை அவள் எடுத்தால், முன்வரிசையில் சவுந்தரநாயகம் முதலாளி பட்டு லேஞ்சியால் கண்ணைத் துடைப்பார். அடேயப்பா, என்ன பக்தி! மற்ற நாளெல்லாம் அதே மாக்ரெட்டைத் தன் கிட்டங்கியில் யன்னலை அடைத்துவிட்டு வேலை வாங்குகிற மனிதர்.

யுத்த காலம். பென்சிலுக்குப் போடும் காரீயத்துக்கு வெள்ளைக்காரன் பறந்தடித்துக்கொண்டு திரிந்தான். மாக்ரெட் குமரியாக அந்தக் கிட்டங்கிக்குள் போனவள். காரீயக் கல்லை உடைத்து, சலித்து, சாக்கில் தேய்த்து மினுக்கியே அவள் வயது போயிற்று. காற்றில் மிதக்கும் தூளுக்கும் விலை உண்டு என்பதால் யன்னல் திறக்கக் கூடாது. வீட்டுக்குப் போகுமுன் பெண்கள் வாசலில் சேலையை உதற வேண்டும். விழுந்ததைக் கூட்டி அள்ளுவார்கள். முதலாளியே கதிரை போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பார். வெட்கங்கெட்ட பிழைப்பு!

அந்தத் தவக்காலத்தில், ஒப்பாரி பழகும்போது மாக்ரெட்டுக்கு இரண்டாம் அடியிலேயே மூச்சு நின்றது. இருமினால் சளி கறுப்பாக விழுந்தது. பயந்துபோய் முதலாளியிடம் போனாள்.

“முதலாளி, அந்த யன்னல ஒருக்காத் திறந்து விடுங்கோவன். பெரிய வெள்ளிக்கு நான் பாடவேணும்.”

“அது அடுப்புப் புகை, பிள்ள. கொத்தமல்லி அவிச்சுக் குடி. யன்னலத் திறந்தா என்ட தூளெல்லாம் போயிடும்.”

வாய் கூசாமல் சொன்னார். மாக்ரெட் வீட்டில் அடுப்படியில் கிடக்கிறவள் அக்கா அருள்நாயகி. அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. “மகனே” என்று மாக்ரெட் எடுத்தாள். இருமல்தான் வந்தது, நிற்கவேயில்லை. வேறு யாரோ பாடி முடித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பாவம், பெரியவருடைய அழுகை கெட்டுப்போயிற்றாம்!

பாஸ்குத் திருநாள் கழிந்து வேலை தொடங்கிய அன்று மாலை, வாசலில் மாக்ரெட்டின் முறை வந்தது. சேலையை உதறினாள். பிறகு தன் கிழிந்த லேஞ்சியை வாயில் பொத்தி, நெஞ்சு நோக இருமினாள். அதை விரித்து, கூட்டிவைத்த தூளின்மேல் போட்டாள்.

முதலாளி கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். “சீ! என்னடி இது?”

“உங்கட தூள்தான் முதலாளி. உள்ளுக்க இன்னும் கிடக்கு. எவ்வளவு உதறியும் வருகுதில்ல.”